செடி உயரத்து அலை

மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கடலோடு எனக்குள்ள நேரடிப் பழக்கம் முழுவதும் பங்கோர் தீவுக்குப் போய்வந்த படகுப் பயணம் ஒன்றுதான். ஏறி உட்கார்ந்தால் இறங்கிவிடலாம், அவ்வளவு கிட்ட என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். நான் இருக்கைக்கு அடியில் கிடந்த மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் கண்ணை இறுக்க மூடியிருந்தேன். கடல் என்ன நிறத்தில் இருந்தது என்பதைக் கரைக்கு வந்த பிறகு என் மகள்தான் சொன்னாள். பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது அவளுக்கு. அந்தப் பயணம் முழுக்கப் படகோட்டியின் பக்கத்தில் நின்று அவள் என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தாளாம். என் மனைவி பார்த்திருக்கிறாள். நான்தான் கண்ணை மூடியிருந்தேனே.

அந்த மகள் இன்று கப்பல் அதிகாரி. கிழக்குக் கரையிலுள்ள கெமாமானிலிருந்து கிளம்பி, தென்சீனக் கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்கு டீசல், குழாய், குடிதண்ணீர், அரிசி என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுக்கிற கப்பல். அவர்கள் அதைச் சாதாரணமாகப் 'போட்' என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஒருவனின் மகள், அதுவும் மிதவைச் சட்டை போட்ட கிராணியின் மகள், கப்பலை ஓட்டுகிறாள் என்பதைத் தோட்டத்தில் இன்னும் பலர் நம்பவில்லை. எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

வேலைக்கான கடிதம் வந்த அன்று வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மனைவி பல வருஷம் கொழுந்தெடுத்தவள். இப்போது தோட்டத்துக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத் தேயிலைப் பொட்டலம் விற்கும் கடையில் இருக்கிறாள். அவள் கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"கடலா? நீச்சல் தெரியுமா இவளுக்கு?"

"தெரியும்மா. படிப்புலயே கத்துக் குடுத்தாங்க."

"தொட்டியில நீந்துறதெல்லாம் நீச்சலா? தண்ணியப் பத்தி எங்கிட்ட சொல்லாத. லெம்பா பெர்த்தாம் பள்ளத்துல சேறு வந்தப்ப உங்க சித்தி வீட்டுக் கட்டில் வாசல் வழியா தானா வெளிய போச்சு. அத நான் பாத்தவ."

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் மேலிருந்து கீழே வருவது. மழையாக வரும், ஓடையாக வரும், போதாத காலத்தில் சேறாக வரும். கீழே இருந்து மேலே எழுந்து நிற்கிற தண்ணீர் மலைக்காரர்களின் கற்பனைக்குள் வராது.

இந்த இடத்தில்தான் நான் சமாதானத் தூதனாகப் புறப்பட்டேன். கடல் வானிலைக்கென்றே இருக்கும் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கி மனைவிக்குக் காட்டினேன். நீல நிறத்தில் கடல் விரிந்திருந்தது. அதன்மேல் எறும்புக் கூட்டம்போல அம்புக்குறிகள், காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்று ஓடிக்கொண்டிருந்தன. விரலை எங்கே வைத்தாலும் அந்த இடத்தின் காற்று வேகமும் அலையின் உயரமும் எண்ணாக எழுந்து வரும். திரெங்கானு கரைக்கு வெளியே விரலை வைத்தேன். பூஜ்யம் புள்ளி ஒன்பது என்றது.

"பாரு, ஒரு அடிகூட இல்ல" என்றேன்.

அடி என்று எப்படி முடிவு செய்தேன் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் நிறையப் படிக்கிறவன். அதுதான் கெடுதல். நான் படித்த கடல் கதைகளில் எல்லாம் அலை அடிக்கணக்கில்தான் எழும்; இருபதடி எழுந்து பாய்மரத்தை முறிக்கும், நாற்பதடி எழுந்து நாயகனைத் தீவில் ஒதுக்கும். காற்றை நாட் என்று அளக்கிறார்கள், தூரத்தைக் கடல் மைல் என்று அளக்கிறார்கள். இத்தனை பழைய அளவுகளை விடாமல் வைத்திருக்கிற ஒரு தொழிலில் அலையை மட்டும் புதுக்கணக்கில் அளப்பார்களா என்று என் படிப்பு எனக்கு எடுத்துச் சொன்னது. போதாததற்கு என் வேலை வேறு. தோட்டத்தில் இன்றும் நிலம் ஏக்கர்தான், வாய்க்கால் அடிதான், கவாத்து வெட்டும் உயரம் அங்குலம்தான். நாள் முழுக்க அடியையும் அங்குலத்தையும் எழுதுகிறவன் சாயங்காலம் கடலைப் பார்த்தால் வேறு எப்படிப் பார்ப்பான்?

மனைவி இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தாள். "ஒரு அடின்னா முட்டிக்கும் கீழ."

"முட்டிக்கு ரொம்பக் கீழ."

"பெரிய காத்து வந்தா?"

"வந்தா மூணு, மூணரை. நம்ம செடி உயரம்."

செடி என்றதும் அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வாழ்நாளில் பாதியை இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று கழித்தவள். பச்சைக்கு நடுவில் மேல்பாதி மட்டும் தெரிய, கூடையைச் சுமந்து, சரிவில் காலை ஊன்றி நிற்பது அவளுக்குப் பயமுள்ள காரியமே இல்லை. மகளும் அப்படித்தான் ஒரு நீலத் தோட்டத்தில் இடுப்பளவுக்கு நிற்கப்போகிறாள் என்று மனசுக்குள் வரைந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் சும்மா விடவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள்.

"செடி தலைக்கு மேல வளந்துருச்சுன்னா உள்ள நின்னு யாரும் வேலை செய்ய முடியாது. கங்காணியே ஆளுங்கள வெளிய கூப்பிட்டுருவாரு. அது மாதிரி, அலை தலைக்கு மேல போற அன்னிக்கு இவள வரச் சொல்லிரணும். அத நீங்கதான் சொல்லணும். சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். தலைக்கு மேல் என்றால் ஐந்தரை அடி. என்ன பெரிய விஷயம்?

மகள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தது வடகிழக்குக் காற்று ஓய்ந்த பருவம். அதனால் பல மாதம் என் கணக்குக்கு ஒரு கேடும் வரவில்லை. சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, மற்ற வீடுகளில் காய்கறிச் சந்தையில் கோபிஸ் என்ன விலை என்று கேட்கிற அதே குரலில் கேட்பாள்: "ஏங்க, இன்னிக்கு அலை என்னா?"

"ஒண்ணே கால்."

"சரி. பசியாறிட்டீங்களா?"

அவ்வளவுதான். வீட்டில் நிம்மதி. நானோ அதோடு நிற்கவில்லை. கடல் வானிலையில் இறங்கி நீந்த ஆரம்பித்தேன், அதாவது படுக்கையில் படுத்தபடி. எச்சரிக்கை விடுகிறவர்கள் கடலை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தியோமான், புங்குரான், கொண்டோர். இந்தப் பெயர்களைப் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் தே தாரிக் குடிக்கும்போது அண்டை ஊர்ப் பெயர்கள்போல எடுத்து விடுவேன். வடக்கே சீனாவில் குளிர் இறுகினால் சில நாளில் அந்தக் காற்று தென்சீனக் கடலை உழுதுகொண்டு இறங்கும், பிறகு நம் மலையில் மோதி மழையாகும் என்று விளக்குவேன். இது உண்மைதான். என் விளக்கங்கள் எல்லாமே உண்மையாக இருந்தன, அளவைத் தவிர.

நவம்பரில் எண் ஏறத் தொடங்கியது. இரண்டு, இரண்டரை, மூன்று.

"இடுப்பு" என்பாள் மனைவி.

டிசம்பரில் முதல் வகை எச்சரிக்கை வந்தது. மூன்றே முக்கால்.

"நெஞ்சுக்கு வந்துருச்சுங்க. கவாத்து வெட்ட வேண்டிய செடி மாதிரி ஆயிருச்சே."

"கேப்டன் வெட்டிக்குவாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நகைச்சுவையை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு என்றால் மனைவிக்குக் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. நான் என் காரை, எங்கள் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவுக்குப் பசியாறப் போனேன். அங்கே நான் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக்கடையின் முதலாளி தமிழ் முஸ்லிம், என் வயதுக்காரர், என் கடல் சொற்பொழிவுகளைத் தவிர்க்க முடியாமல் கேட்டுப் பழகியவர். அவரே ரொட்டியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் இழுத்துக் கட்டிய மீன்பிடிப் படகுகளைக் காட்டினார்கள். இரண்டாம் வகை எச்சரிக்கை, சின்னப் படகுகள் போகக் கூடாது என்று செய்தி வாசிக்கும் பெண் மலாயில் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்த செய்தி. காலையிலேயே நாலரை என்று செயலியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு பழைய மாணவன் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கும் வாத்தியார்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அலை நாலரை மீட்டர் வரை எழும் என்றாள் அந்தப் பெண்.

ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது.

"என்னா கிராணி, ரொட்டி வேகலியா?"

"இப்ப என்னா சொன்னுச்சு அந்தப் பொண்ணு?"

"கடல்ல பெரிய அலையாம். இனிமே மீன் வெல கேக்கவே வேணாம்."

"எவ்வளவு பெரிய அலை?"

"நாலர மீட்டர். நீங்கதான் டெய்லி சொல்றீங்களே, நாலு, நாலரைன்னு. கரெக்டாத்தான் சொல்லிருக்கீங்க லா." எனக்குச் சான்றிதழ் கொடுப்பதுபோலத் தோளில் தட்டினார்.

"நான் சொன்னது அடி."

"அடின்னு எங்க சொன்னீங்க? வெறும் நாலரைன்னுதான் சொல்லுவீங்க. நான் மீட்டர்னு எடுத்துக்கிட்டேன். நாலரை அடிக்கெல்லாம் டிவியில வந்து பேசுவானா? மழை பேஞ்சா என் கடைச் சாக்கடையே நாலடி வருது."

கைப்பேசியை எடுத்தேன். செயலியில் அமைப்புகள் என்று ஒரு பகுதி இருக்கிறது என்பது தெரியும். அதற்குள் போனதில்லை. போனேன். காற்று: நாட். தூரம்: கடல் மைல். அலை: மீட்டர். பொடி எழுத்துத்தான். ஆனால் ஒளிந்துகொள்ளவில்லை. இத்தனை மாதமாக அங்கேயே, என்னைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.

முதலாளி ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, கேட்கவில்லை. நாலரையை மூன்றே காலால் பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறையப் பதினைந்தடி. தவறாகப் பெருக்கியிருப்பேன் என்று மறுபடி பெருக்கினேன். எண்பத்தெட்டுச் செடிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல ஒரு பச்சைச் சுவர் கண்முன் எழுந்தது. செடிக் கணக்கு தப்பு, நாலு செடிதான் வரும். அந்த நேரத்தில் எனக்கு நாலு செடியும் எண்பது செடியும் ஒன்றுதான்.

காடியை ஓட்டிக்கொண்டு எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை. வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிவந்த லோரி எதிரே வந்தது. குவித்து, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அது அலையைவிடக் குட்டை. பஸ் நிறுத்தத்தின் கூரை, அதுவும் குட்டை. பூப்பண்ணையின் பிளாஸ்டிக் கொட்டகைகள் எல்லாம் குட்டை. இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவுகள் வழக்கம்போல அசையாமல், ஒழுங்காக, இடுப்பளவுக்கு நின்றன. அவற்றைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் ஃபேக்டரி வாசலில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. உயரமான லோரிகள் உள்ளே நுழைந்து கூரையில் இடித்துவிடக் கூடாது என்று சிவப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் ஒரு பலகை தொங்கவிட்டது. தினமும் அதன் அடியில்தான் வேலைக்குப் போகிறேன். அன்று கம்பிக்கு நேர்கீழே காடி தானாக நின்றது. என் கால்தான் மிதித்திருக்க வேண்டும். கண்ணாடி வழியாக மேலே பார்த்தேன். பலகையில் எழுதியிருந்தது: 4.5 மீட்டர்.

அந்தப் பலகையைச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தவன் நான். எழுத்து பெரிதாக இருக்கட்டும், குருடனுக்கும் தெரிய வேண்டும் என்று பெயிண்டரிடம் சொன்னவனும் நான்.

பின்னால் சுற்றுலா வேன் ஒன்று ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. கம்பிக்கும் காடிக்கும் நடுவில் இருந்த அந்த வெற்றிடத்தில் இன்னொரு காடியை நிறுத்தலாம், அதற்கு மேலே இன்னொன்றையும் வைக்கலாம். அத்தனையும் தண்ணீர் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். அது நிற்கிற தண்ணீர் அல்ல, வருகிற தண்ணீர். ஒன்று போனதும் அடுத்தது.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். லைன் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். செயலியில் அவள் இருக்கும் இடம் அதுவரை நான் பார்த்தறியாத ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. இதே ஊதாவை முந்தின நாள் பார்த்திருந்தால் அழகாக இருக்கிறது என்று மனைவியிடம் காட்டியிருப்பேன். ஆபீசில் புயலுக்கும் தீக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். இதற்கு எதுவும் எழுதவில்லை. தேநீர் போட்டேன். குடிக்கவில்லை. இன்னொன்று போட்டேன். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவன் வேறு என்ன செய்வான்?

மத்தியானம் தாண்டி அவளே கூப்பிட்டாள். கப்பலின் வைஃபை கொஞ்சம் வேலை செய்ததாம்.

"என்னப்பா, இத்தன மிஸ்ட் கால்? அம்மா நல்லா இருக்காங்களா?"

"நீ எங்க இருக்க?"

"நடுக்கடல்ல. துறைமுக வாயில அலை ஜாஸ்தி, உள்ள விட மாட்டேங்கறாங்க. அதனால காத்துக்கு நேரா மூஞ்சியக் குடுத்துக்கிட்டு மெதுவா ஓட்டிக்கிட்டே நிக்கிறோம். இருங்க, மேகி மீ சாப்பிடுறேன், பவுல் ஓடுது." ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. "பிடிச்சுட்டேன்."

"ஏன்மா, அது மீட்டரா?"

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.

"எதுப்பா?"

"அலை."

பவுல் மறுபடி உருண்டு ஓடிற்று. பிறகு, "தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

எனக்கு அன்றைய இரண்டாவது இடி. "உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்ப்பா. நீங்க 'ஒரு அடிகூட இல்ல'ன்னு சொன்னப்பவே. திருத்தலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அம்மா மூஞ்சிய பாத்தேன். அவங்களுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. விட்டுட்டேன்."

"அப்ப நான் டெய்லி போன்ல 'இன்னிக்கு ரெண்டுதானாமே'ன்னு சொன்னப்பல்லாம்?"

"ஆமா ரெண்டுதான்னு சொல்லிருக்கேன்ல. பொய் சொல்லலையே."

சட்டப்படி பார்த்தால் பொய் இல்லை. என் மகள் என்று அந்த நிமிஷத்தில் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

"சரி, எப்படியும் நாலரைக்கு மேல போகாதுல்ல?" என்றேன், கரையில் நிற்கிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல.

"அது பெரிய அலைங்களோட சராசரிப்பா. நடுநடுவுல ஒண்ணு ரெண்டு அதுக்கு டபுளா கூட வரும்."

மூன்றாவது இடி. சராசரி! என் கம்பிக்கு மேலே இன்னொரு கம்பி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க. ப்ளீஸ். இந்தக் காத்து சீசன் முழுக்க கடல்ல இருந்தாத்தான் அடுத்த பரீட்சைக்கு வேண்டிய கடல் நாள் கணக்கு சேரும். பாதியில எறங்கிட்டா மறுபடி போட் கெடைக்கிறது ரொம்ப கஷ்டம். அம்மா வான்னு சொல்லிட்டாங்கன்னா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

லைன் அறுந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இன்னிக்கு அலை என்னா?"

"நாலரை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அது முழு உண்மை. இத்தனை மாதமும் நான் எண்ணைத் தவறாகச் சொன்னதே இல்லை என்று காலையில் ஒருவர் சான்றிதழும் கொடுத்திருந்தார். ஆனால் மனைவி கையை எடுத்துத் தன் உடம்பில் வைத்து அளந்தாள். இடுப்பு, நெஞ்சு என்று ஏறி, கழுத்தடியில் கை நின்றது.

"கழுத்துக்கு வந்துருச்சுங்க" என்றாள். "தலைக்கு இன்னும் கொஞ்சம்தான்."

கழுத்தில் இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அடி இல்ல. மீட்டர்."

"மீட்டர்னா?"

"ஃபேக்டரி வாசல்ல கம்பி இருக்குல்ல. அது."

இப்போதுதான் அதன் அடியில் நடந்து வந்திருந்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். குடையை எடுக்காமல் இறங்கி நடந்தாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன். கம்பிக்கு நேர்கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். தூறல் முகத்தில் விழுந்தது. பொட்டலங்கள் ஏற்றிய லோரி ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு கம்பிக்கு அடியில் நுழைந்து போனது. அதன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அவள் அதையும் பார்த்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"காலையிலதான்."

"அவளுக்கு?"

நான் குடையைச் சரிசெய்தேன்.

"மொதல்லேர்ந்தே தெரியும். அப்படித்தான?" என்றாள். "நீங்க போன்ல ரெண்டு, மூணுன்னு அளந்து விடுறப்பல்லாம் அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருமுவா. சளி புடிச்சிருக்குன்னு நெனச்சு கஷாயப் பொடி அனுப்பி வச்சேன்."

பிறகு நான் பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தது. "தலைக்கு மேல போனா வரச் சொல்லணும்னு சத்தியம் பண்ணீங்கள்ல? போன போடுங்க."

அங்கேயே, கம்பிக்கு அடியில் நின்று போட்டேன். லைன் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போட்டேன். காலையில் வேண்டியது இதற்கு நேர்மாறு. சாமிக்கும் அன்று என்னால் குழப்பம்தான். லைன் கிடைத்தது. மனைவி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அம்மாதான். கேளு. உன் போட் எவ்வளவு உயரம்?"

நான் அவளையே பார்த்தேன். இத்தனை மாதமாக அலையை அளந்தேன், காற்றை அளந்தேன், சீனாவின் குளிரையும் அளந்தேன். மகள் நிற்கிற இடம் எவ்வளவு உயரம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் அலைக்குள் இல்லை, கப்பலுக்கு மேலே இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று வந்த இடிகளிலேயே பெரியது இதுதான்.

"நான் நிக்கிற எடம் தண்ணியிலேர்ந்து நம்ம ஃபேக்டரி மேல்மாடி உயரம் வரும்மா" என்றாள் மகள். என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

மனைவி திரும்பி ஃபேக்டரியின் மேல்மாடியைப் பார்த்தாள். "அலை வந்தா?"

"முன்பக்கம் ஏறி எறங்கும். தண்ணி பறந்து கண்ணாடியில அடிக்கும். வைப்பர் போட்டு ஓட்டுவோம்."

"வைப்பரா? காடியில இருக்குமே, அதுவா?"

"அதேதான். கொஞ்சம் பெருசு."

"பயமா இருக்கா?"

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"நேத்து ராத்திரிலேர்ந்து இருக்கும்மா. அதுக்கு முன்னாடி இல்ல."

மனைவி ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கொழுந்தெடுக்கறப்ப எங்க கங்காணி, 'எனக்குப் பயமே இல்ல'ன்னு சொல்றவள மட்டும் செங்குத்து மேட்டுக்கு அனுப்ப மாட்டாரு. அவ காலை எங்க வைக்கிறோம்னு பாக்க மாட்டாளாம். நீயும் பயம் இல்லைன்னு சொல்லிருந்தா இப்பவே எறங்கி வாடின்னு சொல்லிருப்பேன். சரி. பரீட்சைக்கு என்னா முடிக்கணுமோ முடிச்சுட்டு வா."

அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இருமல் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"இன்னொண்ணு. இனிமே உங்கப்பாகிட்ட எதையும் சொல்லாத. எனக்கு நேரா அனுப்பு. மீட்டர்ல."

இப்படியாக என் வேலை போயிற்று. செயலி இப்போது மனைவியின் கைப்பேசியில் இருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் தேயிலைப் பொட்டலங்களுக்கு நடுவில் அதை வைத்துப் பார்க்கிறாளாம். அந்த ஊதா மெல்ல மெல்லப் பச்சையாகி, காற்று தணிந்து, மகளின் கப்பல் துறைமுகத்துக்குள் போய்விட்ட செய்தியே எனக்கு அவள் வழியாகத்தான் வந்தது. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது இப்போது நான் கேட்கிறேன், அவள் சொல்கிறாள். மூன்றரை என்பாள். எனக்குச் சோறு இறங்காது. அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள்.

நேற்று, "ரெண்டுதான்" என்றாள். "அவ தூங்கிட்டாளாம்."

ரெண்டுதான்! நான் எழுந்து போய் வாசல்படியில் நின்று கதவு நிலையை அண்ணாந்து பார்த்தேன். ஏறக்குறைய அதே உயரம். இத்தனை வருஷமாக இந்த வாசலில் நிமிர்ந்துதான் போய்வந்திருக்கிறேன், ஒரு தடவையும் தலை இடித்ததில்லை. நேற்று குனிந்து வெளியே போனேன்.